“ஆறு மார்க் வாங்கிவிட்டேன், என் மூளை கெட்டுவிட்டதா?”

கேள்வி: எனக்கு வயது 34. ஏழெட்டு வயது வரை, அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவையும் என்னையும் அடிக்கும் வீட்டில் வளர்ந்தேன். லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போனால்தான் நிம்மதி. போன மாதம் இணையத்தில், சிறுவயதுக் கொடுமைகளைக் கணக்கெடுக்கும் ‘ஏஸ்’ என்ற பத்துக் கேள்வித் தேர்வை எழுதிப் பார்த்தேன், 6 வந்தது. மூன்று வயதுக்குள் மூளை உருவாகி முடிந்துவிடும், அதில் கெட்டதைப் பிறகு சரிசெய்ய முடியாது என்று ஒரு காணொளியும் பார்த்தேன். என் மகளுக்கு இப்போது 2 வயது. சில நாள் அவளிடம் கத்திவிடுகிறேன். என் மூளை கெட்டுவிட்டதா? அவள் மூளையும் கெடுமா?

பதில்:

இல்லை, கெட்டுவிடவில்லை. சிறுவயது அனுபவம் மூளையை மாற்றுகிறது என்பது உண்மை, ஸ்கேனில் தெரியுமளவுக்கு உண்மை. ஆனால் மூன்று வயதோடு முடிந்தது என்பது அரைகுறைச் செய்தி. அந்த 6 மார்க்கும் நீங்கள் நினைப்பதைவிட மிகக் கொஞ்சம்தான் உங்களைப் பற்றிச் சொல்கிறது. நான் குழந்தைகள் மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். குழந்தையைக் காட்ட வந்துவிட்டு, பேச்சின் பாதியில் தன் சொந்தச் சிறுவயதைச் சொல்லி அழுகிற அப்பா அம்மாக்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்று வயதுக் கணக்கை முதலில் பார்ப்போம். பிறந்த குழந்தையின் மூளை, எடையில் பெரியவர்கள் மூளையின் கால் பங்குதான் இருக்கும். ஆறு வயதுக்குள் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடும். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் முடிந்தது என்கிறார்கள். எடை கூடுவது வேறு, வேலை முடிவது வேறு. முதல் சில ஆண்டுகளில் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் தேவைக்கு மேல் பெருகுகின்றன. அப்புறம் புழக்கத்தில் இருப்பவை நிலைக்கின்றன, மற்றவை கழிந்துபோகின்றன. நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைத்துவிடுவோமே, அது போல. இந்தக் கலைப்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பார்வைக்கும் செவிக்குமான பகுதிகளில் முதலில் நடக்கும். ஆத்திரத்தை அடக்குவது, யோசித்து முடிவெடுப்பது போன்ற வேலைகளைப் பார்க்கும் நெற்றிப் பகுதியில் இருபதுகளின் நடு வரைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

நமக்கு எளிதாகப் புரியக்கூடிய ஒரு சோதனை உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை இந்தியில் உள்ள த, ட போன்ற ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம் காதுக்கு அவை வெவ்வேறு. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அவற்றைப் பிரித்து அறிந்தன! ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறமை போய்விட்டது. வீட்டில் யாரும் பேசாத ஒலிக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மூளை கணக்குப் பார்த்துவிடுகிறது. இதைச் சிலர் இழப்பு என்பார்கள், நான் சிக்கனம் என்பேன். அதே ஒலிகளைப் பெரியவரான பிறகு பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ள முடியும். என்ன, அதற்குப் பாடுபட வேண்டும். மூளை தொடர்பான பல விஷயங்களில் நிலைமை இதுதான்: காலம் தவறினால் வழி அடைபடுவதில்லை, செலவு கூடுகிறது.

ஆக, சில அனுபவங்கள் எப்படியும் வந்துசேரும் என்று நம்பியே மூளை பிறக்கிறது. வெளிச்சம், பேச்சுச் சத்தம், அழுதால் வந்து தூக்குகிற ஓர் ஆள். அந்த ஆள் வராமலே போனால் என்ன ஆகும்? மனிதக் குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் ஓர் அரசாங்கம், சோதனை என்று பெயர் வைக்காமலே, அதைச் செய்துவைத்தது.

1966 அக்டோபரில் ருமேனியாவின் சௌசெஸ்கு அரசு 770-ஆம் எண் ஆணையைக் கொண்டுவந்தது. மக்கள்தொகையைப் பெருக்குவது நோக்கம். கருக்கலைப்புக்குத் தடை, கருத்தடைச் சாதனம் கிடைக்காது, பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி. தொழிற்சாலைகளில் பெண்களை நிறுத்திக் கர்ப்பமா என்று பரிசோதித்த கூத்தும் நடந்தது. அடுத்த ஆண்டே பிறப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. 1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைக்க நாட்டில் விளைந்த உணவையே ஏற்றுமதி செய்தார்கள். வீடுகளில் ரொட்டிக்கும் தட்டுப்பாடு, குளிருக்குக் கணப்புக்கும் தட்டுப்பாடு. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். அநாதை இல்லங்கள் என்று உலகம் சொன்னாலும் அங்கிருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கான இல்லத்துக்கு அந்த மொழியில் வைத்திருந்த பெயருக்குத் தொட்டில் என்று பொருள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து வெளியுலகம் உள்ளே எட்டிப்பார்த்தபோது, இப்படிப்பட்ட இல்லங்களில் லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இருந்தார்கள்.

ஒரு பணியாளருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், எல்லாம் வரிசையில். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். உள்ளே போய்ப் பார்த்தவர்களை அதிரவைத்தது அங்கிருந்த அமைதி. அத்தனை கைக்குழந்தைகள் கிடக்கும் அறையில் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாராவது வருவார்கள் என்று பழகியிருந்தால்தானே குழந்தை அழும்? தம்மைத் தாமே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு கிடந்தன.

2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவரும் புகாரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகள், வயது 6 மாதம் முதல் 31 மாதம் வரை. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், 68 பேருக்குப் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பெற்றோரிடம் வளர்ந்த 72 பேர். அந்த நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே இல்லாத குறைதான். ஆய்வாளர்களே 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி தந்து, பணமும் கொடுத்தார்கள்.

குழந்தைகளின் வாழ்க்கையில் குலுக்கலா என்று முதலில் படித்தபோது எனக்கும் நெருடியது. ஆய்வுக்காக எந்தக் குழந்தையையும் இல்லத்தில் பிடித்து வைக்கவில்லை. பெற்றோர் திரும்பி வந்து கேட்டாலோ, அரசு வேறு குடும்பம் பார்த்தாலோ அனுப்பிவைத்தார்கள். இந்தச் சமாதானம் போதுமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம். குலுக்கல் நடந்ததால், சூட்டிகையான குழந்தைகளாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினீர்கள் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று.

நாலரை வயதில் அறிவுத்திறன் அளவு எடுத்தார்கள். இல்லத்துக் குழந்தைகளின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு 109. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள், பிறகு போனவர்களிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை. ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் பாசத்திலும் கிட்டத்தட்ட இதே கோடுதான். காணொளிக்காரர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு மேல் வருவதுதான் முக்கியம்.

எட்டு வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தபோது, நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி இல்லத்தில் இருந்த இரு பிரிவினருக்குமே குறைவாக இருந்தது. வளர்ப்புக் குடும்பம் அதை மீட்டுத் தரவில்லை. ஆனால் பகுதிகளை இணைக்கும் கம்பிகள் போன்ற வெள்ளை நிறப் பகுதி, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களிடம் சாதாரணக் குழந்தைகளின் அளவை நெருங்கியிருந்தது. மனநலத்திலும் இப்படி ஏறுக்குமாறுதான். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தன. கவனச் சிதறலும் துறுதுறுப்பும் சற்றும் அசையவில்லை. அதே வளர்ப்புக் குடும்பத்தில் மாறாமல் நீடித்தவர்கள், குடும்பம் மாறி மாறிப் போனவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆகவே மூளை மீண்டதா இல்லையா என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் திறமை, எந்த வயது, மாற்றிய பிறகு எப்படிப்பட்ட வீடு என்று கேட்க வேண்டும்.

ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் இப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் தொடங்கிய இன்னொரு ஆய்வு, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன் வெளியேறியவர்களுக்கும் சாதாரணமாகத் தத்தெடுக்கப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு மேல் இல்லத்தில் இருந்தவர்கள் பலருக்குச் சிக்கல்கள் தொடர்ந்தன. 2020-இல் வந்த ஸ்கேன் முடிவில், நல்ல வீடுகளில் இருபது ஆண்டுகள் வளர்ந்த பிறகும், இல்லங்களில் இருந்து வந்தவர்களின் மூளை, இங்கிலாந்துத் தத்துப் பிள்ளைகளுடையதைவிடச் சராசரியாக 8.6 விழுக்காடு சிறியதாக இருந்தது. படிக்கவே மனம் கனக்கும். ஆனால் அதே ஆய்வில், அதிக காலம் இல்லத்தில் கிடந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் குறிப்பிடும்படியான சிக்கல் வரவில்லை. அந்த நரகத்திலிருந்தே ஐந்தில் ஒருவர்!

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் வீடு ருமேனியா இல்லை. அங்கே வரவேண்டியது வரவில்லை. உங்கள் வீட்டில் வரக்கூடாதது வந்தது. இல்லாமை ஒன்று, அச்சம் இன்னொன்று. இரண்டும் மூளையில் ஒரே தடத்தை விடுவதில்லை என்பதைக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத்தான் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். இல்லாமை பெரும்பாலும் மொழி, கற்றல், கவனம் என்ற பக்கத்தைத் தொடுகிறது. அச்சம், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியையும், அதை அடக்கி ஆளும் நெற்றிப் பகுதியையும், நெருக்கடியில் உடம்பைத் தயார்ப்படுத்தும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும் தாளத்தையும் தொடுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் செத் போலக் செய்த சோதனையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். முகங்களின் படத்தை மங்கலாகத் தொடங்கி, படிப்படியாகத் தெளிவாக்கிக் குழந்தைகளுக்குக் காட்டினார். என்ன உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். அடிவாங்கி வளர்ந்த குழந்தைகள், கோப முகத்தை மட்டும், மற்றக் குழந்தைகளுக்கு எதுவும் பிடிபடாத மங்கலிலேயே கண்டுகொண்டார்கள். இது கெட்டுப்போன மூளை செய்கிற வேலையா? தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே இன்றைக்கு அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதவுத் தாழ்ப்பாளைத் தொடும் விதத்திலேயே தெரிந்திருக்கும். ஏழு வயதில் உங்களைக் காப்பாற்றிய திறமை அது. த, ட கதைதான் இங்கும். வீட்டில் எது புழங்கியதோ அதில் மூளை கூர்மையானது.

அதற்கான செலவு இப்போது வருகிறது. மேலதிகாரி நெற்றியைச் சுருக்கினால் நெஞ்சு படபடக்கும், அவருக்குத் தலைவலியாகத்தான் இருக்கும். பாத்திரம் விழுந்தால் தூக்கிப்போடும். மகள் வீறிட்டு அழுதால், அது குழந்தையின் அழுகை என்று நெற்றிப் பகுதி எடுத்துச் சொல்வதற்குள் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். நீங்கள் கத்துவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கும் என்பது என் ஊகம்.

இலங்கையின் வடகிழக்கில் சுனாமிக்குப் பிறகு 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வும் நினைவுக்கு வருகிறது. போரையும் சுனாமியையும் கண்ட அந்தக் குழந்தைகளிடம்கூட, வீட்டுக்குள் நடந்த வன்முறை தனியாகத் தன் சுமையை ஏற்றியிருந்தது. அப்பாவின் குடியும் வீட்டு வன்முறையும் கைகோத்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. குண்டு விழுந்த ஊரில் வீட்டு அடி ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

உங்கள் 6 மார்க்குக்கு வருகிறேன். ஏஸ் தேர்வின் வேர் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் ஒரு மருத்துவப் பிரிவில் இருக்கிறது. 1980-களில் அங்கே நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது ஏன் என்று வின்சென்ட் ஃபெலிட்டி கேட்கப் போய், பலருக்கும் சிறுவயதில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தன. பிறகு ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்தார். 1998-இல் வந்த முதல் கட்டுரையில், நான்கோ அதற்கு மேலோ வாங்கியவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு என்று இருந்தது. பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு. ஒரு முறை நடந்ததற்கும் ஒரு மார்க், பத்து வருடம் தினம் நடந்ததற்கும் அதே ஒரு மார்க். போருக்கு மார்க் இல்லை, பள்ளியில் வாங்கிய பிரம்படிக்கு இல்லை, சாதிப் பெயர் சொல்லி ஒதுக்கியதற்கு இல்லை. தனி ஆளின் எதிர்காலத்தை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-இல் ஆண்டாவே எழுதினார். தேர்வை உருவாக்கியவர் சொன்னதை, அதைப் பரப்புகிறவர்கள் சொல்வதில்லை.

அந்தப் பத்துக் கேள்விகளில் உங்கள் அம்மாச்சியும் இல்லை. நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த ஆள் அவர்தான். ருமேனியக் குழந்தைகளுக்குக் கிடைக்காததும் அப்படி ஓர் ஆள்தான்: மாறாத ஒருவர், அழைத்தால் திரும்பிப் பார்க்கும் ஒருவர். மோசமான சூழலில் வளர்ந்தும் தேறி வந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இப்படி ஒரு பெரியவரின் துணை. அவர் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவதைக்கூடக் குற்றமாக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மூன்று வயதுக்குப் பிறகும் வாய்ப்பு வருகிறது. மின்னசோட்டாவில் மேகன் கன்னர் குழுவினர், இல்லங்களில் இருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பூப்பு வயதில் கவனித்தார்கள். நெருக்கடி வரும்போது சுரக்க வேண்டிய கார்ட்டிசால் சிறுவயதில் மந்தமாக இருந்தவர்களுக்கு, நல்ல வீட்டில் வளர்ந்து பூப்பு வயதைக் கடக்கும்போது அது மற்றவர்களைப் போலவே மாறியது. உடம்பு மீண்டும் ஒரு முறை சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது போலும்.

34 வயதில்? சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சரியாக வேலை செய்யாது என்று நெடுநாள் நினைத்திருந்தோம், நானும் நினைத்தேன். 2022-இல் 29 ஆய்வுகளைத் திரட்டி லான்செட் குழும இதழில் வெளியான தொகுப்பு அதைத் திருத்தியது. அவர்கள் சிகிச்சைக்கு வரும்போது நோய் தீவிரமாக இருந்தது. ஆனால் சிகிச்சையால் கிடைத்த பலன் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது. தொடங்கிய இடம் கீழே, ஏறிய படிகள் அத்தனையே.

மகளைப் பற்றி. எட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் இருந்து தாயும் குழந்தையும் கொஞ்சிக்கொள்வதை நொடி நொடியாகப் பார்த்தவர். இருவரும் ஒத்துப்போவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார். மீதி நேரம் தவறவிடுவதும் திரும்பச் சேருவதுமாகப் போகும். நல்ல அம்மாக்களுக்கே இதுதான் கணக்கு. குழந்தை கற்றுக்கொள்வது அந்தத் திரும்பச் சேருதலை. கத்திவிட்டால், உங்கள் மூச்சு தணிந்ததும் கீழே உட்கார்ந்து, அவள் கண் மட்டத்துக்கு வந்து, “அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா, வா” என்று (அப்பா என்றால் அப்பா) சொல்லித் தூக்கிக்கொள்ளுங்கள். “நீ அப்படிப் பண்ணினதாலதான்” என்று ஒட்டுப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் திரும்பி வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். தினமும் கத்துகிறீர்கள், கை ஓங்குகிறீர்கள் என்றால் அது வேறு, அதற்கு உதவி தேவை.

உதவி என்றால் 14416, டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், தூக்கம் எப்படி, பசி எப்படி என்றுதான் கேட்பார்கள், சிறுவயதைப் பற்றிக் கேட்க நேரம் இருக்காது. அதனால் உட்கார்ந்ததுமே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்தேன், இப்போது என் பிள்ளையிடம் கத்துகிறேன், அதற்காக வந்தேன் என்று. 6 மார்க்கைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்.